கையுறைச் சுரம்

மூன்றாம் வகுப்புக்கு இந்த மாதம்
மூன்றே சுரங்கள்:
ஷி, லா, ஸோ.
மிச்சத் துளைகளெல்லாம் ஜனவரி வரை
வெறும் அலங்காரம்.

குழலின் முதுகுத் துளைக்கு இடது கட்டைவிரல்.
முன்பக்கம் முதல் துளையை
ஆள்காட்டி விரல் மூடினால் ஷி.
நடுவிரலும் வந்து சேர்ந்தால் லா.
மோதிர விரலும் படுத்துக்கொண்டால் ஸோ.
மூட மூடக் காற்றுக்கு வழி நீளும்,
வழி நீள நீளக் குரல் தாழும்.
இவ்வளவுதானா என்று
இருபத்தாறு பேரும் தலையாட்டினார்கள்.
பிறகு இருபத்தாறு பேரும் ஊதினார்கள்.

கூரை விளிம்புப் பனி
பலகையாய்ச் சரிந்து விழுந்தது.
தற்செயல்தான். ஆனாலும்
அந்தப் பெருமையை சோஸுகே
யாருக்கும் விட்டுத்தரவில்லை.

தாளில் ஐந்து கோடுகள், நான்கு சந்துகள்.
ஷி, நடுக்கோட்டில் கோத்த மணி.
லா, அதற்குக் கீழ்ச் சந்தில் ஒண்டிக்கொள்ளும்.
ஸோ, இரண்டாம் கோட்டில் குந்தியிருக்கும்.
வால் முளைத்த வெள்ளை முட்டைக்கு
இரண்டு எண்ண வேண்டும்,
கறுத்த முட்டைக்கு ஒன்று.
மின்னல் மாதிரி ஒரு நெளிகோடு வந்தால்
ஊதாதே.
ஊதாவிட்டாலும் எண்ணு.

இபுகி அதை இரண்டு தரம் வாசித்தாள்.
அவள் பெயருக்கு மூச்சு என்று பொருள்.
மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுவது
அவளுக்குப் புதுசு.

நாலு மணிக்கே இருட்டும் அகிதாவின் வடக்கில்
வீட்டுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட்.
சிவப்பு விளக்கு இரண்டும் மாறி மாறிக் கண்சிமிட்ட
கான் கான் கான் என்று மணி.
குழலை எடுத்தாள்.
ஷி ஊதினால் மணி கீழே கிடந்தது.
லா ஊதினால் மணி மேலே நின்றது.
"இது ஷியும் இல்ல, லாவும் இல்ல."
"ரயில்வேக்குப் பாட்டு வகுப்பு கிடையாது,"
என்றான் சோஸுகே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நாலு நாள் அப்படியே போயிற்று.
ஐந்தாம் நாள் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஏழு.
கையுறையைக் கழற்ற மனசு வரவில்லை.
பழைய கையுறை;
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
ஓட்டை வழியே வெளியே எட்டிப் பார்க்கும்,
நடுவிரலுக்கு மட்டும் கம்பளி முழுசாய் மிச்சம்.
லாவைத்தான் நினைத்து ஊதினாள்.
கம்பளி பாதிக் காற்றைப் பிடித்துக்கொண்டு
பாதியைப் போகவிட்டது.

வந்தது லா இல்லை.

மணியோடு போய் அது ஒட்டிக்கொண்டது.
இரண்டு சத்தம் பக்கம் பக்கமாய் உரசும்போது
காதுக்குள் ஒன்று நடுங்குமே,
அந்த நடுக்கம் நின்றுபோனது.
எது குழல், எது கேட்,
சோஸுகே உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.
ஒற்றைப் பெட்டி ரயில் கடந்தது;
உள்ளே ஒருவர் ஜன்னல் ஆவியைத் துடைத்துப் பார்த்தார்.
தடுப்புக் கட்டை எழுந்தது. மணி ஓய்ந்தது.
பனியின் மேல் அந்தச் சுரம் மட்டும்
மூச்சு தீரும்வரை நின்றது.

எழுதுவதில்தான் சிக்கல்.
நடுக்கோட்டுக்கும் கீழ்ச் சந்துக்கும் இடையே
ஒரு கொசு உட்காரக்கூட இடமில்லை.
அழித்தாள். அழித்த இடம் கிழிந்தது.
கடைசியில் ஷியின் இடத்திலேயே ஒரு முட்டை வரைந்து
அதன் முன்னால்
மிளகளவில் ஒரு கையுறை வரைந்தாள்.

திங்கட்கிழமை நோட்டுப்புத்தகம் திரும்பி வந்தது.
கையுறையை யாரும் அடிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால் ஒரு குச்சி,
குச்சிக்கு ஒரு பக்கம் மட்டும் தொப்பை.
கீழே இரண்டே வரி:
இதற்குப் பெயர் உண்டு.
அவசரமில்லை.

அந்த வாரம்
சோஸுகே தன் புதுக் கையுறையில் கத்தரிக்கோல் வைத்தான்.
அவன் வீட்டில் நடந்தது வேறு கதை.

வெள்ளிக்கிழமை, இசை வகுப்பு.
ஷி ஷி லா, ஸோ லா ஷி,
பிறகு நெளிகோடு.
இருபத்தாறு குழல்களும் வாயை மூடின.
இபுகி எண்ணினாள், ஒன்று.
அந்த ஒன்றுக்குள்
இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால்
எங்கோ கேட் சாத்துகிற சத்தம்.
அவள் நடுவிரல்
ஊதாமலே பாதி மூடியது.